மூன்று காட்சி, ஒரு சீட்டு

பாலைவனம் ஒன்று, பட்டணம் ஒன்று, அந்தி வேளையில் மரக்கலப் பயணம் ஒன்று. இம்மூன்றையும் ஒரே சீட்டில் அடக்கி, தலைக்கு 280 திர்ஹம் என்று விலை குறித்த விளம்பரமொன்றை டுபாயிலுள்ள எங்கள் மகன் அனுப்பியிருந்தான். 'பெக்கேஜ்' என்று அதற்குப் பெயராம். பொதி என்று நாங்கள் மொழிபெயர்த்துக்கொண்டோம். சோறும் மீன்கறியும் சம்பலும் ஒரே தாளில் கட்டப்பட்ட சோற்றுப் பொதியைப் போல, மணலும் மாளிகையும் நீரும் அதில் ஒன்றாய்க் கட்டப்பட்டிருந்தன. மார்கழி மாதத்தில் நாங்கள் அங்கே போவதாக ஏற்பாடு. அப்போது விலை ஏறிவிடும். ஆகையால் இப்பொதியையோ இதுபோன்ற வேறொன்றையோ ஒரு கிழமைக்குள் தெரிவு செய்து அறிவிக்க வேண்டும் என்பது அவன் கட்டளை.

நாங்கள் இருவரும் ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எழுவான்கரையிற் பிறந்து, உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைப் படுவான்கரையிற் கழித்தவர்கள். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையைச் சூரியன் எழுகின்ற கரையென்றும், மேற்குக் கரையைச் சூரியன் படுகின்ற கரையென்றும் எம் முன்னோர் பெயரிட்டு வைத்தனர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த நீர்ப்பரப்பின் இருபுறத்தும் வாழ்வு ஒரே சீராய் இருந்ததில்லை. பட்டினமும் கச்சேரியும் ஆஸ்பத்திரியும் பெரிய பாடசாலைகளும் எழுவானில். நெல்லும் பாலும் தயிரும் படுவானில். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, 'பாதை' என்று நாங்கள் அழைக்கும் மிதவையிலேயே வாவியைக் கடந்தோம். சைக்கிளும் ஆடும் நெல்மூட்டையும் நோயாளியும் எங்களோடு அதில் ஏறின. ஆகவே நீர்ப்பயணம் எங்களுக்குப் புதிதன்று. அந்தி மாலையில் உண்டுகொண்டும் ஆட்டம் பார்த்துக்கொண்டும் நீரில் மிதப்பதற்குப் பணம் கொடுப்பதுதான் புதிது.

மணலைப் பற்றியோ எனின், முப்பதாண்டுகளாகப் பாலைத் திணை படிப்பித்திருக்கிறோம், பாலைவனத்தைக் கண்டதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலினால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதை ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்வோம். கச்சான் காற்று வீசுங் காலத்தில் வெடித்துக் கிடக்கும் வயலைச் சன்னலூடாகக் காட்டி, 'இதைப்போல' என்போம். பிள்ளைகள் நம்பியதாகத் தெரியவில்லை. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடித் தலைவன் சுரம் கடப்பான், தலைவி வீட்டிலிருந்து வாடுவாள். கடல் கடக்கும் பயணம் பெண்ணோடு இல்லையென்று தொல்காப்பியமும் விதித்திருக்கிறது. இவ்வளவையும் நாங்கள் விளக்கிக்கொண்டிருந்த வகுப்பறையிலிருந்துதான், பின்வாங்குப் பெண்பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகக் கடல் கடந்து மணல் நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தலைவன்மார் வீட்டிலிருந்தார்கள்.

பாலைவனத்தைக் காணும் ஆசை எங்களுக்கு உண்மையாகவே இருந்தது. அதை மறைப்பதிற் பயனில்லை. முற்போக்கு எண்ணங் கொண்டவர்கள் உல்லாசப் பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. உலகைக் காணும் விருப்பம் பணம் படைத்தோருக்கு மட்டுமே உரித்தானது என்று யார் எழுதி வைத்தார்கள்? வாழ்நாள் முழுவதும் சோக்கட்டியோடு மாரடித்தவர்கள் கிழவயதில் ஒரு மணல்மேட்டைப் பார்க்க விரும்புவது வர்க்கத் துரோகமன்று.

ஆகவே விளம்பரத்தை ஊன்றிப் படித்தோம். பாலைவனப் பகுதி பிற்பகலில் தொடங்குகிறது. வீட்டு வாசலுக்கு ஜீப் வண்டி வரும்; அதில் வேறு ஊரார் நால்வரும் உடனிருப்பர். மணல் தொடங்குமிடத்தில் சாரதி டயர்களின் காற்றைப் பாதி இறக்கிவிடுவான். இறக்காவிட்டால் சக்கரம் புதைந்துவிடும். பின்னர் மணல்மேடுகளின்மேல் ஏற்றி இறக்கிக் குலுக்குவான். முதுகு வருத்தக்காரரும் இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் இதிற் சேரலாகாது என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அதன்பின் கூடாரம், ஒட்டகத்தின்மேல் ஒரு சுற்று, கைக்கு மருதாணி, நெருப்பிற் சுட்ட இறைச்சி, பெண்ணொருத்தியின் இடையாட்டம். கழுகுபோன்ற வல்லூறொன்றைக் கையில் ஏந்திப் படம் பிடிக்க வேறாகப் பணம். பட்டணப் பகுதி அரை நாள்: 1787இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அல் பஹீதிக் கோட்டை, காற்றுக்கோபுர வீடுகள், பொற்கடைத் தெரு, வாசனைத் திரவியக் கடைகள், 828 மீற்றர் உயர்ந்து நிற்கும் புர்ஜ் கலீபா. கடைசியாகச் சொன்னதை வெளியே நின்று அண்ணாந்து பார்க்க மட்டுமே இச்சீட்டு. மேலே ஏற வேறு சீட்டு வேண்டும். மாலைப் பயணமோ பழைய மரக்கலத்தில் இரண்டு மணித்தியாலம். கீழ்த்தட்டிற் குளிரூட்டி, மேல்தட்டிற் காற்று, பாவாடை சுழலச் சுழல ஆடும் எகிப்திய நடனம், வேண்டியமட்டும் உணவு. பழைய கடற்கழியில் ஓடும் கலம் மலிவு; புதிய மரீனா என்ற செயற்கை நீர்வழியில் ஓடுவது விலை கூடியது. அரேபியாவின் இம்மரக்கலங்கள் பலவற்றைக் கேரளத்தின் பேப்பூர்த் தச்சர்கள் தேக்கில் இழைத்துக் கொடுத்து வந்தார்கள் என்ற செய்தி விளம்பரத்தில் இல்லை; எங்களுக்கு வேறு வழியாகத் தெரியும்.

மூன்று தனிச் சீட்டுகளிலும் இக்கூட்டுச் சீட்டு மலிவு என்பது மகனின் வாதம். கணக்குச் சரிதான். ஆனால் எங்களுள் ஒருவருக்கு முள்ளந்தண்டு வருத்தம், குலுக்கல் ஆகாது. மற்றவருக்கு ஆட்டமும் இறைச்சியும் வேண்டியதில்லை; கோட்டையும் கடற்கழியும் போதும். வேண்டாதவற்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தால்தான் வேண்டியது மலிவாய்க் கிடைக்கும் என்பது சந்தையின் விந்தை. இரண்டு நாள் இதைப்பற்றியே பேசினோம். பிறகுதான், டுபாயை அறிந்த ஒருவரிடம் கேட்கலாமே என்ற யோசனை வந்தது.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி படுவான்கரையில் இருக்கிறாள். 1998இல் போய், நடுவில் வந்து மணம் முடித்து, பிள்ளையைத் தாயிடம் விட்டு மறுபடியும் போய், 2014இல் ஒரேயடியாகத் திரும்பி வந்தவள். சார்ஜாவில் ஒரு வீடு, டுபாயில் இரு வீடுகள். போகும்போது துறையிற் பாதை ஏறிப் போனவள், வரும்போது புதுப் பாலத்தில் வானில் வந்தாள். அவளைக் காண நாங்கள் போனபோது முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். விளம்பரத்தைக் கைத்தொலைபேசியிற் காட்டினோம். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் பாத்திரிக்கன் டீச்சர். ஆனா ஒண்டும் பாக்கல்ல" என்றாள்.

பாலைவனத்துக்கு அவள் போயிருக்கிறாள். குளிர்காலத்தில் அந்நாட்டுக் குடும்பங்கள் மணல்வெளியிற் கூடாரமடித்து இரண்டு மூன்று நாள் தங்குவது வழக்கம். வண்டியின் பின்னாசனத்தில் சட்டி பானைகளுக்கும் குழந்தைகளுக்கும் நடுவே அவள் இருந்தாள். "கூடாரம் அடிச்சா மறுகா எங்கட வேலைதானே சேர். தண்ணி கொஞ்சம். சட்டி கழுவக்குள்ள மணலாலதான் தேய்க்கிற." மணல் எப்படி இருக்கும் என்று கேட்டோம். சட்டி தேய்க்க நல்லது என்றாள். சற்று யோசித்துவிட்டு, இரவில் எல்லாரும் படுத்த பிறகு வெளியே வந்தால் வெள்ளி நிறையத் தெரியும் என்றும், ஆனால் விடியப் புறத்தில் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தபடியால் அதிக நேரம் நின்றதில்லை என்றும் சொன்னாள். வீடு திரும்பிய பிறகு ஒரு கிழமைக்குக் குழந்தைகளின் உடுப்புகளை உதறும்போதெல்லாம் அந்த மணல் கொட்டுமாம்.

பட்டணத்தை மோட்டார்க் கண்ணாடியூடாகக் கண்டிருக்கிறாள். பேரங்காடிகளுக்குள்ளே குழந்தைவண்டி தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறாள். விளக்கலங்கார மரக்கலத்திலும் ஒருமுறை. அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். கைக்குழந்தை அழுதபடியால் அதைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தட்டில் சமையற்கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலமும் நின்றாள். சமைத்தவர்கள் மலையாளத்தாரும் நேபாளத்தாரும் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. மேலே நடந்த ஆட்டம் எதுவென்று தெரியாது.

மூன்று காட்சியும் அவளுக்குக் கிடைத்தன. சீட்டில்லாமலே கிடைத்தன. இரண்டு சீட்டின் விலை 560 திர்ஹம் என்று கேட்டதும் அவள் சிரித்தாள். அவளுடைய முதல் மாதச் சம்பளம் 450.

"நீங்க கிறீக்குக்குப் போங்க டீச்சர்" என்று பிறகு அவளே சொன்னாள். டெய்ராவுக்கும் பர் டுபாய்க்கும் நடுவே உள்ள கடற்கழியை 'அப்ரா' என்ற சிறு மரப்படகுகள் கடக்கின்றன. ஆளுக்கு ஒரு திர்ஹம். மூன்றாவது வீட்டில் இருந்தபோது, அவ்வீட்டுச் சாரதி இரண்டு மாதத்துக்கொருமுறை அவளைப் பணம் அனுப்புவதற்காக அழைத்துப் போவார். வண்டி நிறுத்த இடம் கிடையாத நாட்களில் இக்கரையில் நிறுத்திவிட்டுப் படகில் அக்கரை போவார்களாம். "அஞ்சு நிமிசம்தான். காத்து முகத்தில அடிக்கும். நம்மட துறை மாதிரிக் கிடக்கும். அது மட்டுந்தான் நான் என்ட காசு குடுத்துப் போன பயணம்."

அந்தக் கடற்கழி ஒருகாலத்தில் எங்கள் வாவியிலும் பெரிய செல்வாக்குடையதாய் இருந்ததில்லை. முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஊர் அது. குளிப்பவர்கள் முன்பணம் வாங்கிக் கப்பல் தலைவனுக்குக் கடனாளிகளாகிக் காலம் கழித்தார்கள். 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அத்தொழிலை வீழ்த்தின. கழியைத் தூர்வாரி ஆழமாக்கியது 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில். எண்ணெய் கண்டது 1966இல். இன்று அந்நாட்டில் வாழ்வோரில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டார். மணலில் வண்டி ஓட்டுபவனும், இறைச்சி சுடுபவனும், மருதாணி இடுபவளும், எங்கள் மகனும் அவர்களுள் அடக்கம். ஒரே விமான நிலையத்தில் இறங்கியவர்கள்தாம். ஆனால் மகன் கணக்காளன். கிழமை தவறாமல் ஓய்வு நாள் உண்டு. அந்நாளிற் பொதிகளைத் தெரிவு செய்யவும் நேரம் உண்டு. வீட்டுப் பணியாளருக்குக் கிழமையில் ஒரு நாள் ஓய்வும் நாளில் 12 மணித்தியால ஓய்வும் வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் 2017இல்தான் பிறந்தது. எங்கள் மாணவி திரும்பி வந்து மூன்றாண்டுகள் கழிந்தபின்.

இங்கே எங்களைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதே வீண்.

1998இல் அவள் போனபோது வயது 17. வயலுக்குப் போன தகப்பன் திரும்பவில்லை. துறையின் இக்கரையில் ஒரு தரப்பின் துப்பாக்கி, அக்கரையில் மறு தரப்பின் துப்பாக்கி இருந்த காலம். தாய் வந்து நற்சான்றிதழ் கேட்டாள். கையில் மகளுடைய கடவுச்சீட்டின் பிரதி இருந்தது. அதில் பிறந்த ஆண்டு 1975 என்றிருந்தது. எங்கள் வகுப்பு இடாப்பில் 1981. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒழுக்கமுள்ளவள், உழைப்பாளி என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். வயதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை, கேட்கவும் இல்லை. அக்குடும்பத்தில் அடுப்பெரிய வேறு வழியில்லை என்று அன்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அது பொய்யுமன்று. ஆனால் அவளுக்குக் கணிதம் நன்றாக வரும் என்பதும் பொய்யன்று.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் என்ற பெண்பிள்ளைக்கு, பராமரிப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காகக் குற்றஞ்சாட்டி, 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி சவூதி அரேபியாவில் மரணதண்டனை நிறைவேற்றினார்கள். 2005இல் அவள் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் கூட்டி எழுதப்பட்டிருந்தது. அச்செய்தி வந்த இரவில் எங்கள் வீட்டில் ஒருவரோடொருவர் பேசவில்லை. நாடு முழுவதும் முகவர்களைச் சபித்தது, முகவர்கள் சபிக்கத்தக்கவர்களே. ஆனால் ஒரு பிள்ளையின் வயதை ஐந்தாறு ஆண்டு கூட்டுவதற்கு ஒரு முகவர் மட்டும் போதாது. காணாதது போலிருக்கும் பலர் வேண்டும். எங்களைப் போன்ற படித்தவர்களும் வேண்டும்.

அவ்வாண்டிலேயே அரசாங்கம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகலாகாது என்று விதி செய்தது. குடும்பப் பின்னணி அறிக்கை என்றொரு பத்திரம் வந்தது. தாய் போகலாமா என்று விசாரித்த அப்பத்திரம், போகாதிருந்தால் எதைத் தின்பாள் என்று விசாரிக்கவில்லை. 2022இல் நாடு கடனைக் கட்டமாட்டாது கைவிரித்தபோது, டொலர் வேண்டும் என்ற அவசரத்தில் ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு இடையில் என்ன முதிர்ச்சி வந்துவிட்டதோ அறியோம். 2024இல் வெளிநாட்டிலுள்ள உழைப்பாளர் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். எங்கள் மாணவி அஞ்சு நிமிடப் படகிற் போய் அனுப்பியதும் அத்தகைய கணக்குகளிற் சேர்ந்திருந்த பணந்தான்.

நற்சான்றிதழைப் பற்றி அன்று நெல் முற்றத்தில் அவளிடம் சொன்னோம். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகச் சொல்லாதிருந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க எழுதாட்டி வேற ஆக்கள் எழுதிக் குடுத்திருப்பாங்க சேர்" என்று சொல்லிவிட்டு, கோழி வந்து நெல்லைக் கிளறுகிறதென்று எழுந்து போனாள். அச்சொல் எங்களுக்கு ஆறுதலாக இல்லை.

இனி, தெரிவு. மகனுக்கு நாங்கள் எழுதிய மறுமொழியின் சாரம் இதுதான். மூன்றையும் கட்டிய பொதி வேண்டாம். மாலை மரக்கலமும் வேண்டாம். பாலைவனத்துக்குப் பிற்பகலிற் போகாமல் விடியற்காலையிற் போவோம். குலுக்கலும் கூத்தும் இல்லாமல், மணலில் நடந்து திரும்பும் சிறு பயணங்கள் உண்டென்று அறிகிறோம். 2003இல் காப்புவனமாக்கப்பட்ட 225 சதுர கிலோமீற்றர் பாலைநிலம் ஒன்று இருக்கிறதாம். ஒட்டகத்தோடு மானும் அங்கே உண்டு. விலை கூடினாலும் அதைப் பார். பட்டணத்தை நாங்களே நடந்து பார்ப்போம். அப்ராவில் ஏறுவதற்கு இரண்டு திர்ஹம் சில்லறை எடுத்து வை.

இதனால் அங்குள்ள எந்த உழைப்பாளிக்கும் நன்மை விளைந்துவிடும் என்று நாங்கள் எண்ணவில்லை. நாங்கள் ஏறாத மரக்கலம் எங்களை விட்டுவிட்டு ஓடும். நாங்கள் குலுங்காத வண்டியின் சாரதிக்கு அன்றைய வருமானம் குறையவுங்கூடும் என்று மகன் திருப்பி எழுதினான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாரதிக்கு நாள் எத்தனை மணித்தியாலம், படுக்கும் அறையில் எத்தனை பேர் என்று அவனிடம் கேட்டு எழுதினோம். இரண்டாண்டாக அந்நாட்டிலிருந்தும் அதை அவன் விசாரித்ததில்லை. இப்போது விசாரிக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.

ஆவணிப் பௌர்ணமியன்று மாணவி பட்டினத்துக்கு ஆஸ்பத்திரி அலுவலாக வந்திருந்தாள். இரவு எங்கள் வீட்டில் தங்கினாள். பேச்சுவாக்கில், கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை என்று தெரியவந்தது. 1848இல் எமர்சன் தெனென்ற் என்ற ஆங்கில அதிகாரி இரவில் படகேறிப் போய்க் கேட்டு, ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போன்ற நாதமென்று நூலில் எழுதி வைத்தான். வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் இன்று வாவியிற் படகேறி அதைத் தேடுகிறார்கள். வாவியின் கரையிற் பிறந்தவளுக்கு நாற்பது வயது கடந்தும் அதற்கு இரவொன்று கிடைக்கவில்லை. எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. நாங்கள் கடைசியாகப் போனது மணமான புதிதில்.

தோணியொன்று பேசிப் போனோம். இயந்திரம் வேண்டாம், துடுப்புப் போதும் என்றோம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் அதனருகே 2013இல் திறந்த புதிய பாலமும் தலைக்குமேல் நின்றன. தோணிக்காரர் துடுப்பின் அலகை நீருள் நாட்டி, மறுமுனையிற் காதை வைக்கச் சொன்னார். நாங்கள் வைத்துப் பார்த்தோம். புதுப் பாலத்தில் ஓடும் வண்டிகளின் உறுமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாங்கி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் அசையாதிருந்தாள். நீர் தோணியின் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. தோணிக்காரர் பொறுமையிழந்து ஒருமுறை இருமினார்.

"கேட்டதா?" என்று கேட்டோம்.

"என்னமோ கேக்குது. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும் சேர்" என்றாள்.

நின்றோம். கரைக்கு வந்தபோது மணி பத்தாகியிருந்தது. பணத்தை எடுப்பதற்கு நாங்கள் பைக்குள் கைவிட்டுத் தடவுமுன், அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோணிக்காரரின் கையில் நோட்டை வைத்துவிட்டாள். இதென்ன வேலை என்று கடிந்தோம்.

"நீங்க டுபாய்க்குப் போறீங்க டீச்சர். அங்க காசு தேவைப்படும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கையில் எடுத்துச் சேற்றில் இறங்கினாள்.